501 என்ற இலக்கம்: கொழும்பில் நடந்த நெடுவாழ்வு மரபணு ஆய்வு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் 2019ஆம் ஆண்டு தொடங்கி, 2023 முடிவில் எந்தக் கட்டுரையும் வெளியிடாமலே நிறுத்தப்பட்ட ஓர் ஆய்வைப் பற்றியது இக்குறிப்பு. நீண்ட ஆயுளுடன் தொடர்புடையதாகச் சொல்லப்படும் மரபணு வடிவங்கள், கொழும்பில் வாழும் 95 வயதைக் கடந்த தமிழ் பேசும் முதியவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. குழுவில் நால்வர் இருந்தோம்: தலைமை ஆய்வாளரான மூலக்கூற்று உயிரியலாளர், ஆய்வுகூட உதவியாளர், வீடு வீடாகச் சென்று குருதி எடுத்த தாதி, தரவுகளைப் பார்த்த நான். குடும்பங்கள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை விட்டிருக்கிறேன்.

ஆய்வாளர் நாடு திரும்புவதற்கு முன் பல ஆண்டுகள் புழுக்களோடு வேலை செய்தவர். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற இந்தப் புழு ஒரு மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரங்களே உயிர் வாழும். அதன் டாஃப்-2 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் ஆயுளை இரு மடங்குக்கும் மேலாக நீட்டுகிறது என்று சிந்தியா கென்யனின் குழு 1993இல் அறிவித்தது. மூப்பு என்பது உடல் தானாகத் தேய்ந்து போவதுதான் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. டாஃப்-2, மனிதரில் இன்சுலினையும் அதையொத்த வளர்ச்சிக் காரணியையும் உணரும் வாங்கிகளுக்கு உறவானது என்பது பிறகு தெரிய வந்தது. டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு வேலை செய்யாவிட்டால் அந்த நீண்ட ஆயுள் கிடைப்பதில்லை. டாஃப்-16க்கு மனிதரில் உள்ள உறவுகளில் ஒன்று ஃபாக்ஸோ3. ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களில் 95 வயதைத் தாண்டியவர்களையும் 81 வயதுக்கு முன் இறந்தவர்களையும் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, ஃபாக்ஸோ3இன் ஒரு வடிவம் முதல் கூட்டத்தில் அதிகம் என்று காட்டியது. இந்தக் குறிப்பில் அதை ‘ஜி வடிவம்’ என்றும் அதன் மாற்றை ‘டி வடிவம்’ என்றும் சொல்கிறேன்.

புழுவின் வயதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் தவறிய இடம் அதுதான். புழு ஆய்வில் எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் பிரித்தெடுத்துத் தட்டில் இடுவார்கள். அந்த மணி நேரத்திலிருந்து வயது கணக்கிடப்படும். நாள்தோறும் பிளாட்டினக் கம்பியின் நுனியால் ஒவ்வொரு புழுவையும் மெல்லத் தொடுவார்கள். அசையாத புழு இறந்ததாகப் பதிவாகும். பிறப்பும் இறப்பும் ஆய்வாளரின் கண்முன்னேயே நடக்கின்றன. வயது என்ற நிரலைச் சந்தேகிக்க வேண்டிய தேவை அவருக்கு அதுவரை வந்ததே இல்லை.

ஆட்களைச் சேர்த்த விதம்

2019 ஓகஸ்ட் முதல் 2020 பெப்ரவரி வரை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் 46 முதியவர்களிடம் குருதி எடுத்தோம். கோயில்கள், தேவாலயங்கள், முதியோர் சங்கங்கள் வழியாகத்தான் அவர்களை அறிந்தோம். வயதுக்கு ஆதாரம் தேசிய அடையாள அட்டை. அட்டையில் 1924 அல்லது அதற்கு முந்திய ஆண்டு இருந்தால் சேர்த்துக்கொள்வது என்பது விதி. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் பார்த்தோம், இல்லாவிட்டால் வற்புறுத்தவில்லை. 1983 ஜூலையில் வீட்டோடு கடதாசிகளையும் பறிகொடுத்த குடும்பங்களிடம் போய், சான்றிதழ் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்பது தாதிக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். அந்தத் தயக்கத்தை இன்றும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில் சரிபார்க்காமல் விட்டதுதான் தவறு.

ஒப்பீட்டுக்காக 40 முதல் 60 வயது வரையான 110 பேரிடம் 2020 மார்ச்சில் குருதி எடுப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு வந்தது. அந்த வேலை 2021 இறுதிக்குத் தள்ளிப்போய் 2022இன் முதல் மாதங்கள் வரை நீண்டது. அதற்குள் நாட்டில் டொலர் இல்லை. முதியவர்களின் குருதியிலிருந்து டிஎன்ஏயைப் பிரிக்கப் பயன்படுத்திய இறக்குமதிப் பொதி கிடைக்கவில்லை. ஒப்பீட்டுக் கூட்டத்துக்கு உப்பு முறையைக் கையாண்டோம்: கலங்களை உடைத்து, செறிந்த உப்புக் கரைசலால் புரதங்களைப் படிய வைத்து, மேலே தெளிந்த நீரில் மதுசாரம் சேர்த்தால் டிஎன்ஏ வெள்ளை நூல் போலத் திரண்டு மிதக்கும். மலிவான, பழைய, நல்ல முறை அது. நான் குறை சொல்லப் போவது அந்த முறையை அல்ல.

முதல் முடிவு

2022 செப்டெம்பரில் முடிவுகள் ஒன்றுசேர்ந்தன. முதியவர்களிடம் ஃபாக்ஸோ3இன் ஜி வடிவம் தெளிவாகவே அதிகமாக இருந்தது. ஹவாய் ஆய்வு காட்டிய அதே திசை. ஆய்வாளர் அன்று எல்லோருக்கும் கட்லட்டும் பால் தேநீரும் வாங்கித் தந்தார். கட்டுரையின் முதல் வரைவு இரண்டு வாரங்களில் எழுதப்பட்டது.

மகிழ்ச்சியோடு ஒரு சின்ன நெருடலும் இருந்தது. மனிதரின் ஆயுளில் பரம்பரையின் பங்கு அவ்வளவு பெரியது அல்ல. 1870க்கும் 1900க்கும் இடையே பிறந்த டென்மார்க் இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் மரபணுக்களால் விளக்க முடியும் என்று கண்டார்கள். அந்தக் கால் பங்கும் எத்தனையோ மரபணுக்களிடையே பிரிந்து கிடக்கிறது. 46 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில் ஒற்றை வடிவம் ஒன்று இவ்வளவு பளிச்சென்று தெரிந்தால் முதலில் வர வேண்டியது சந்தேகம். எங்களுக்கு முதலில் வந்தது கட்லட்.

சந்தேகம் எழுந்த விதம்

வரைவுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஜி வடிவம் உண்மையிலேயே ஆயுளோடு தொடர்புடையது என்றால், 95 வயதினரைவிட 98, 99 வயதினரிடம் அது இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா என்று ஆய்வாளர் கேட்டார். வயதுப்படி அடுக்கிப் பார்த்தேன். அப்படி எந்த ஏற்றமும் இல்லை. நான் எங்கோ பிழை விட்டிருக்கலாம் என்று நினைத்து, வயதுக்குப் பதிலாக அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே மீண்டும் அடுக்கினேன்.

இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. என் நிரலில் ஒன்பது பெண்களுக்கு 501 இருந்தது. மூன்று ஆண்களுக்கு 001. நாற்பத்தாறு பேரில் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் பிறந்திருக்க முடியாது.

இதன் பொருள் புரிய நேரம் எடுக்கவில்லை. அடையாள அட்டை 1970களில் வந்தபோது இவர்கள் நடுத்தர வயதினர். பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு ஆண்டை உத்தேசமாகக் குறித்து, நாளுக்கு ஜனவரி முதலாம் திகதியைப் போட்டிருக்கிறார்கள். ஆண்டே உத்தேசம் என்றால் அதில் எத்தனை வருடம் கூடுதல், எத்தனை குறைவு என்று அட்டையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இது புதிய சங்கதியும் அல்ல. எக்குவடோரின் வில்கபாம்பா ஊரில் நூறு வயதைக் கடந்தவர்கள் நிறைந்திருப்பதாக ஒரு காலத்தில் உலகமே பேசியது. ஞானஸ்நானப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அங்கே நூறு வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை என்று 1979இல் காட்டினார்கள். 2010இல் ஜப்பானிலேயே, பதிவேட்டில் உயிரோடிருந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான நூறு வயதினரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இவற்றையெல்லாம் நாங்கள் படித்திருந்தோம். நம்மூருக்கும் இது பொருந்தும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வீடுகள்

2023இன் முதல் ஆறு மாதங்கள் இதற்கே போயின. எல்லாவற்றையும் எழுத இடமில்லை. இரண்டு வீடுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள மாடிக் குடியிருப்பு. அட்டைப்படி அங்கிருந்த ஆச்சி 1921இல் பிறந்தவர். இலக்கம் 21501 என்று தொடங்கியது. 2019இல் அவருக்கு 98 வயது என்று எழுதியிருந்தோம். 2021 தை மாதம் வீட்டுக்குள்ளேயே நூறாவது பிறந்தநாளும் கொண்டாடி முடித்திருந்தார்கள். ஆய்வாளரும் நானும் போனபோது சாய்மனைக் கதிரையில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. வயதை நேராகக் கேட்பதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தோம். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது நினைவிருக்கிறதா என்று ஆய்வாளர் கேட்டார்.

“ஏன் இல்லை, பிள்ளை? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் பூசைக்குப் போயிருந்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஐயா எங்களை ரயிலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்.”

குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. 1921இல் பிறந்தவருக்கு அன்று 21 வயது. இருபத்தொரு வயதில் யாரும் ஐந்தாம் வகுப்பில் இருப்பதில்லை.

பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி நின்ற மகள், உள்ளே போய்த் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஆச்சியின் சாதகக் குறிப்பு இருந்தது. ஊரில் இருந்ததால் 1983இல் தப்பியது. பிரமோதூத வருடம், ஆவணி மாதம் என்று எழுதியிருந்தது. பிரமோதூத 1930 ஏப்ரலில் தொடங்கிய வருடம். குண்டு விழுந்தபோது ஆச்சிக்குப் பதினொன்றரை வயது. நாங்கள் குருதி எடுத்த நாளில் 98 அல்ல, 89.

ஒன்பது வருடம் எப்படிக் கூடியது என்பதற்கும் மகளிடமே பதில் இருந்தது. அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பியவர் அப்பா. அவர் 1918இல் பிறந்தவர். மனைவிக்கும் தமக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம் என்று எழுத வெட்கப்பட்டு, மூன்று வயது இளையவள் என்று சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாததால் ஆண்டு மட்டும் பதிவாகி, நாள் ஜனவரி முதலாம் திகதியாகிவிட்டது.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, ஆனால் காரணம் சாதகம் அல்ல. எங்கள் வினாக்கொத்திலேயே ‘கடைசிப் பிள்ளை பிறந்த ஆண்டு’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஆச்சியின் தாளில் தாதி 1974 என்று எழுதியிருந்தார். 1921இல் பிறந்தவர் 53 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். மூன்றரை வருடமாக அந்த இரண்டு எண்களும் ஒரே தாளில் கிடந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது வீடு கொட்டாஞ்சேனையில். அந்தப் பெரியவருக்கு 001 என்ற சிக்கல் இல்லை. 1923ஆம் ஆண்டின் பிறப்புச் சான்றிதழே இருந்தது. அசல். எங்கள் பட்டியலில் மிக உறுதியானவர்களில் ஒருவர் என்று நினைத்திருந்தோம். முழுமைக்காகத்தான் பங்குத் தந்தையின் அனுமதியோடு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தோம். 1923இல் அதே பெயர், அதே பெற்றோர். சில வரிகளுக்கு மேல், ஓரத்தில், சிறிய சிலுவை அடையாளமும் அடுத்த ஆண்டின் ஒரு திகதியும். குழந்தை இறந்துவிட்டது. 1928இல் அதே பெற்றோருக்கு இன்னொரு ஆண் குழந்தை; இறந்த பிள்ளையின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதையே வைத்துப் பள்ளிக்கூடம், வேலை, ஓய்வூதியம் எல்லாம் நடந்து முடிந்திருக்கின்றன. சான்றிதழ் பொய் இல்லை. அது இன்னொருவருடையது.

வயதுச் சோதனையின் முடிவு

ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் ஒத்துப்போனால் மட்டுமே உறுதி என்று விதியை மாற்றினோம். 46 பேரில் 21 பேர் தேறினார்கள். பத்துப் பேரை எப்படியும் தீர்மானிக்க முடியவில்லை. பதினைந்து பேர் 95 வயதை எட்டாதவர்கள். ஜனவரி முதலாம் திகதிக்காரர் பன்னிருவரில் ஒருவர் மட்டும் உண்மையிலேயே அன்று பிறந்தவர். தேவாலயப் பதிவு அதைச் சொன்னது. அவரிடம் எங்கள் சந்தேகத்தைச் சொன்னபோது மனம் விட்டுச் சிரித்தார்.

இரண்டாவது குறை

இங்கே ஒரு புதிர் மிஞ்சியது. 89 வயதினரைத் தவறுதலாக 98 என்று சேர்த்தால், இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் மங்க வேண்டும். உண்மையான தொடர்பு இருந்தாலும் அது குறைவாகத் தெரிய வேண்டும். எங்களுக்கோ வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வயதுப் பிழை அதை விளக்கவில்லை. வேறொன்று இல்லாத வித்தியாசத்தை உண்டாக்கியிருக்க வேண்டும்.

உதவியாளர்தான் ஒப்பீட்டுக் கூட்டத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. ஒரு மக்கள் தொகையில் ஜி, டி வடிவங்களின் அளவு தெரிந்தால், இரண்டிலும் ஒவ்வொன்றைப் பெற்ற கலப்பு வடிவக்காரர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். ஹார்டியும் வைன்பெர்க்கும் 1908இல் தனித்தனியாகச் சொன்ன விதி அது. முதியவர் கூட்டம் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. ஒப்பீட்டுக் கூட்டத்தில் கலப்பு வடிவக்காரர் குறைவு, இரண்டு டி உள்ளவர்கள் மிகை. டிஎன்ஏ தூய்மையை அளந்த பழைய குறிப்புகளை எடுத்தோம். 260, 280 நனோமீற்றர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சப்படும் விகிதம் தூய டிஎன்ஏயில் 1.8 அளவில் இருக்கும். பல மாதிரிகள் அதற்குக் கீழே இருந்தன. புரதம் சரியாக நீங்கவில்லை.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. உறைகுளிரில் இருந்த குருதிக் குழாய்கள் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகின. அப்படிச் சிதைந்த மாதிரிகளில் ஜி வடிவத்துக்கான ஒளிச் சமிக்ஞை மங்கி, கலப்பு வடிவக்காரர் சிலர் டி மட்டும் உடையவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். ஒப்பீட்டுக் கூட்டத்தில் ஜி குறைந்தது. அதனால் முதியவர்களிடம் அது கூடியதாகத் தெரிந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒப்பீட்டுக் கூட்டத்தில் 24 பேரிடம் புதிதாகக் குருதி பெற்று மறுபடி பார்த்தோம். முன்பு இரண்டு டி என்று பதிவான ஐவருக்கு உண்மையில் கலப்பு வடிவம். பின்னர் வரச் சம்மதித்த அனைவரையும் மீண்டும் சோதித்தோம். வித்தியாசம் தவறு எல்லைக்குள் கரைந்துபோனது.

பெரிய கூடங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. நூறு வயதினரின் மரபணு அடையாளங்கள் பற்றி 2010இல் சயன்ஸ் இதழில் வெளியான பாஸ்டன் ஆய்வு, 2011இல் திரும்பப் பெறப்பட்டது. முதியவர்களையும் ஒப்பீட்டுக் கூட்டத்தையும் மரபணு வடிவங்களைப் படிக்கும் ஒரே வகைச் சில்லில் சோதிக்காததும் தரக் கட்டுப்பாட்டுக் குறையும் அங்கே சிக்கலாயின. அந்தக் கட்டுரையை ஆய்வாளர் மாணவர்களுக்கு எச்சரிக்கையாகப் பாடம் நடத்தியிருக்கிறார் என்பதையும் எழுதிவைக்கிறேன். அவர் இதை வாசித்து, எழுதத்தான் வேண்டும் என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கட்டுரையை அனுப்புவதில்லை என்ற முடிவுக்கு ஒரே மாலை போதும். வேறொன்றுக்கு நெடுநேரம் பேசினோம்: குடும்பங்களுக்கு என்ன சொல்வது? வெள்ளவத்தை மகளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. சாதகத்தைக் கொண்டுவந்தவரே அவர். மற்ற பதினான்கு குடும்பங்களில் யாரும் கேட்கவில்லை. வயதைத் திருத்துவது எங்கள் ஆய்வின் தேவையே தவிர அவர்களின் தேவை அல்ல என்று ஆய்வாளர் சொன்னார். கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் வலிந்து சொல்வதில்லை, எந்த அலுவலகத்துக்கும் அறிவிப்பதில்லை என்று தீர்மானித்து ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்தோம். கொட்டாஞ்சேனைப் பெரியவரின் ஓய்வூதியம் பற்றிய கவலை எனக்கு இருந்தது. ஐந்து வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்ற மனிதர் அதில் லாபம் அடைந்தாரா நட்டப்பட்டாரா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

மரபணு முடிவுகளைத் தனி ஆட்களுக்குத் தருவதில்லை என்பது சம்மதப் படிவத்திலேயே இருந்தது. ஏபிஓஇ மரபணுவையும் பார்த்திருந்தோம். அதன் 4ஆம் வடிவம் அல்சைமர் நோயின் ஆபத்தைக் கூட்டுவது என்பதால் இந்த விதியைத் தளர்த்தவில்லை. கனடாவிலிருந்து ஒரு பேரன் மூன்று முறை அழைத்து, அம்மம்மாவின் ஆயுள் மரபணு தனக்கும் வந்திருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

வெள்ளவத்தை ஆச்சியிடம் மகளே விஷயத்தைச் சொன்னாராம். “அப்படியென்றால் எனக்கு இன்னும் நூறு வரவில்லையா? நல்லது” என்றிருக்கிறார்.

இனி மாற்றுபவை

புதிய வினாக்கொத்தில் வயதுக் கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கு முன் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகள், முதற்பிள்ளை முதல் கடைசி வரை. சாதகம் இருந்தால் தமிழ் வருடப் பெயரைப் படம் எடுப்பது; அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்பும் என்பதால் குழப்பமே இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பதிவோடு அடக்கப் பதிவையும் சேர்த்தே பார்ப்பது. குண்டு விழுந்த நாள், சுதந்திர நாள், 1953 ஹர்த்தால் ஆகியவற்றின்போது எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பது. இதற்குக் காலம் குறைவு: 1942ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் நாளுக்கு நாள் குறைகிறார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரே விதிதான்: முதியவர் மாதிரியும் ஒப்பீட்டு மாதிரியும் ஒரே தட்டில், கலந்து, ஒரே முறையில். பொதி கிடைக்காவிட்டால் இரண்டு கூட்டத்துக்கும் உப்பு முறை, அல்லது காத்திருப்பது.

தற்போதைய நிலை

உறுதியான 21 பேரின் மாதிரிகள் இன்னொரு கூடத்தின் உறைகுளிர்ப் பெட்டியில், இரட்டை மின்சார வசதியோடு வைக்கப்பட்டிருக்கின்றன. இருபத்தொரு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேறு மாவட்டங்களிலும் இதே சோதனையோடு ஆட்களைச் சேர்க்கப் பணம் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. ஆய்வாளர் இடைக்காலத்தில் புழுத் தட்டுகளை மீண்டும் எடுத்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு முட்டைகளைப் பிரித்து, நேரத்தைத் தட்டின் மூடியில் தம் கையாலேயே எழுதுகிறார்.